பாவாயி அம்மையார் பூவாக்குப் பெற்றது

தாழைக்கரை ஈசனுக்கு மாலை கட்டுவதே பாவாயி அம்மையாரின் பிழைப்பு, வழிபாடும் அதுவேதான். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. விடியலில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நந்தவனத்துக்குப் போய் அரளியும் நந்தியாவட்டையும் பறித்து வருவார். பூமண்டபத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒரு துணியைப் பல மடிப்பாக மடித்து, மூக்கையும் வாயையும் சேர்த்து இறுகக் கட்டிக்கொள்வார். பூவின் வாசம் முதலில் சாமிக்குத்தான்; மனிதர் முகர்ந்த பூ எச்சில் பூ என்பது அந்தக் கோயிலின் கட்டுப்பாடு. மல்லிகைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாலும் அந்தத் துணிக்குள் வாசம் ஏறாது. உடன் பூக்கட்டிய செங்கோடரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். வாய் கட்டியிருப்பதால் அம்மையார் தம் கதையை எல்லாம் மனத்துக்குள்ளேயே ஈசனிடம் கொட்டுவார். கேட்டுக்கொண்டிருந்த ஈசன் பாடுதான் திண்டாட்டம்.

அப்படிப்பட்டவருக்குக் குடலில் புற்று வந்தது. கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில், மலம் கழியும் பாதையை எடுத்துவிட்டு, குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். இனி ஆயுள் முழுக்க மலம் அந்தப் பையில்தான் சேரும். கண் விழித்து அதைப் பார்த்த அம்மையார் அழவில்லை. டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"இதோட நான் சாமிக்குப் பூக் கட்டலாமுங்களா?"

"தாராளமாக் கட்டுங்கம்மா. பாரம் மட்டும் தூக்காதீங்க. பை சரியா ஒட்டியிருந்தா நாத்தம் வராது. உங்க உசுரக் காப்பாத்துன வழி இது. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

ஊர் திரும்பிய அம்மையார் பையைச் சுத்தம் செய்து குளித்து முன்போலவே பூமண்டபம் போனார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரிய வேண்டுமே! ஒருநாள் உறியிலிருந்த வாழைநாரை எட்டி எடுக்கும்போது சேலை விலகியது. செங்கோடர் பையைப் பார்த்துவிட்டார்.

அன்றோடு அம்மையாரின் நிம்மதி போயிற்று. பூமண்டபத்தில் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று செங்கோடர் ஊரெல்லாம் சொன்னார். தெருவில் அம்மையார் வந்தால் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். அவர் கட்டிய மாலையை யாரோ தெப்பக்குளத்தில் வீசினார்கள். மிதந்துபோகும் மாலையைப் பார்த்து அவர் வயிறெரிந்து அழுதார். ஆனாலும் மறுநாள் விடியலில் நந்தவனத்தில்தான் நின்றார். "நீ வேண்டாம்னு சொல்லு, நின்னுக்கறன். ஊரு சொன்னா நிக்க மாட்டன்" என்று ஈசனிடம் சொல்லிவிட்டார்.

ஊர் விடுமா? ஈசனையே கேட்டுவிடுவோம் என்று பூவாக்குக்கு நாள் குறித்தார்கள். லிங்கத்தின் வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ வைப்பது வழக்கம். வலப்பூ விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இடப்பூ விழுந்தால் அம்மையார் இனி நந்தவனத்துப் பக்கமே வரக்கூடாது.

உச்சிப் பூசை முடிந்து குருக்கள் இரண்டு பூக்களையும் வைத்தார். மண்டபம் கொள்ளாத கூட்டம், ஒரு பேச்சில்லை. பூக்கள் அசையவில்லை. நேரம் போனது. இடப்பூ இலேசாகச் சாய்வதுபோல் இருந்தது. அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் வயிற்றிலிருந்து காற்று பிரிந்தது. அதை அடக்க அந்தத் துவாரத்துக்குத் தசை கிடையாது. அந்த அமைதியில் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஓடிவிடலாம் என்றுதான் அம்மையாருக்குத் தோன்றியது. கால் நகரவில்லை, வாய் திறந்தது.

"சத்தம் என்னோடதுதானுங்க. எனக்குக் குடல்ல புத்து வந்துச்சு. கீழ்வழிய எடுத்துட்டு வயித்துல வழி வெச்சிருக்காங்க. எல்லாரு வயித்துலயும் இருக்கறதுதானுங்க எம்பட பையிலயும் இருக்குது. உங்களுக்கு உள்ள, எனக்கு வெளிய. இத ஒளிச்சதுக்கு வையுங்க, வாங்கிக்கறன். பொழச்சு வந்ததுக்கு வையாதீங்க."

"பேச்சு நல்லாத்தான் இருக்குது" என்றார் செங்கோடர். "தெனமும் பக்கத்துல உக்காந்து அந்த நாத்தத்த மோந்தவன் நானுங்க!"

குருக்கள் கருவறையிலிருந்து திரும்பிப் பார்த்தார். "செங்கோடா, மூக்கக் கட்டிட்டுத்தானே உக்காந்திருந்தே? எப்படி மோந்தே?"

கூட்டம் கொதித்தது. "அப்ப துணிய அவுத்துட்டா பூக் கட்டுனே? மோந்த பூவையா சாமிக்குப் போட்டே?" என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். சற்றுமுன் அம்மையாரை விரட்ட வந்த அதே கைகள் செங்கோடரின் துண்டைப் பிடித்தன. நம் ஊர்க் கூட்டத்துக்கு ஆள் யாரானால் என்ன!

அம்மையார் நடுவே புகுந்து நின்றார். "விடுங்க அவர! ஒருநாளும் அவுரு துணிய அவுத்ததில்ல. சாமி பூவ மோந்தவரில்ல. பக்கத்துலயே இருந்தவ நானு சொல்றன்."

தம்மை அழிக்க நினைத்தவரின் விரதத்துக்கு அவரே சாட்சி நின்றார். இப்படி ஒரு மனசு நமக்கு வருமா? செங்கோடர் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "நாறலீங்க... எப்பவுமே நாறலீங்க. அந்தப் பையப் பாத்ததும் அருவருப்பாப் போச்சு. நாறும்னு நானா நெனச்சுக்கிட்டன்."

அவர் அழுதுகொண்டிருக்கும்போதே வலப்பக்கத்துப் பூ விழுந்தது.

மணியடிக்கக்கூடக் குருக்களுக்குக் கை எழவில்லை. கூட்டம் "ஈசனே" என்று கை குவித்தது. அப்போது வெளியே கொடிமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. வெயிலில் ஒரு வெளியூர்க்காரர், மேல்துண்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எனக்கும் பை வெச்சிருக்காங்கம்மா. ஆபரேசனுக்கு அப்பறம் எந்தக் கோயிலுக்குள்ளயும் கால் வெச்சதில்ல. வெளிய நின்னு கும்புட்டுட்டுப் போயிருவன். நானு... உள்ள வரலாமுங்களா?"

அவர் கேட்டது குருக்களை அல்ல, தர்மகர்த்தாவை அல்ல, பாவாயி அம்மையாரை. அம்மையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். "வாங்கண்ணா, சாமி பாத்துட்டு இருக்குது" என்று கையைப் பிடித்துச் சந்நிதிக்குள் அழைத்து வந்தார்.

தம் வெட்கத்தை ஈசன் முன் இறக்கி வைத்து, வாசலில் நின்றவரை உள்ளே சேர்த்த பாவாயி அம்மையாரின் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.