ராஜாவின் மூக்கில் விழுந்த வெயில்

"சூரிய குலத் திலகம் வருகிறார், பராக்!"

நெடுவயல் அரண்மனைக் கட்டியக்காரன் தொண்டை கிழியக் கத்துவது, நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவரை கேட்கும். அந்தத் திலகத்துக்கு வெயில் ஆகாது; பட்டால் மூக்குத் தோல் உரிந்துவிடும். அதற்காகவே கூடவே நடந்தான் குடைக்காரன் பேச்சிமுத்து.

தேரோட்டத்தன்று கூட்டம் நெருக்கியதில் குடை சாய்ந்தது. ராஜாவின் மூக்கில் வெயில் விழுந்தது.

"ஏலே, குடையை ஏன் சாய்ச்ச? சரியான காரணம் சொல்லு. இல்லேன்னா உன் முதுகுத் தோலை உரிச்சிடுவேன்!"

பேச்சிமுத்து பணிவாகக் குனிந்தான். "மகாராஜா, உங்க குலத்தைத் தொடங்கி வச்ச தாத்தா, பேரனைத் தொட்டுப் பார்க்க மேலேயிருந்து கை நீட்டினாரு. அது குடும்ப விஷயம். குறுக்கே குடை பிடிக்க நான் யாரு?"

"அதானே!" என்றாள் கூட்டத்திலிருந்த மோர்க்காரி. "தாத்தாவைக் கண்டு பேரன் எதுக்கு ஒளியணும்?"

அடித்தால் சூரிய குலம் பொய்யாகிவிடும். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, "குடையை மடி" என்றார். தேர் நிலைக்கு வரும்வரை வெயிலில் சிரித்தபடியே நடந்தார்.

அந்தக் குடை மறுபடி விரியவில்லை. பேச்சிமுத்து மட்டும் சாகும்வரை குடைக்காரன் சம்பளம் வாங்கினான், அரண்மனை வேப்பமர நிழலில் உட்கார்ந்தபடி.