கந்தல் கட்டிய காய்

ஆற்றோர மடம் ஒன்றில் அஞ்சுகத்தம்மாள் என்றொரு குரு இருந்தார். வயது நாற்பதுகூட இராது. எந்தக் குரலையும் அப்படியே எடுத்துவிடுவார். அவர் கரைந்தால் காக்கைகள் கூடிவிடும். சோறு இல்லையென்று தெரிந்ததும் நன்றாகத் திட்டிவிட்டுப் பறக்கும்.

அவருடைய சீடர் கோதண்டம், சிறைக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க நரை. அந்தப் பக்கத்திலேயே மிஞ்சியிருந்த யானைக்காது என்ற அவரைக்கொடி வகையின் ஒற்றை விதையைக் குரு அவரிடம்தான் ஊன்றக் கொடுத்திருந்தார். அன்றைக்குப் பிடித்தது அவருக்குப் பயம்.

கொடி பந்தலேறியதும், இலை சரசரத்தால் எலி என்று எழுவார். குருவி உட்கார்ந்தால் வேலங்கம்பைத் தூக்குவார். அசுவினிப் பூச்சி அண்டிவிடுமோ என்று வேப்பெண்ணெயைக் கெட்டியாகக் கரைத்து அடித்தார். பூவெல்லாம் கருகிக் கொட்டியது. தப்பியது ஒரே காய். விதைக்கு விட்டது, யாரும் பறிக்கக் கூடாது என்று அதன் காம்பில் சிவப்புக் கந்தல் கட்டினார்.

தை பிறந்தது. காய் பழுத்துக் காயத் தொடங்கியது. பக்கத்துத் தோட்டத்துச் சந்தனமாரி வேலியோரம் வந்து நின்றாள்.

"சாமி, காய் உடைச்சா எனக்கும் ஒரு விதை குடுங்க. எங்க வேலியில ஏத்தி விடுறேன்."

"எதுக்கு? உன் ஆடு தின்னவா?"

"என் ஆடு உங்க கொடியக் கண்ணாலகூடப் பாத்ததில்ல. உங்களப் பாத்துத்தான் மிரளுது."

கோதண்டம் நேரே குருவிடம் போனார்.

"அம்மா, கண்ணை மூட முடியவில்லை. கொலைக் கைதிக்குக்கூட நான் இப்படிக் காவல் இருந்ததில்லை. இந்தக் கொடிக்கு எமன் எந்தப் பக்கமிருந்து வருவான்?"

"பொழுது சாயட்டும். காட்டுகிறேன்."

பொழுது சாய்ந்தது. கோதண்டம் பந்தலருகே கம்போடு நின்றார். உள்ளங்கை வேர்த்தது. காற்று நின்றுபோயிருந்தது.

பந்தலுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, "ம்மே..."

கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தார். வீசினார். மறுபடி வீசினார். பந்தல்கால் சாய்ந்தது. காலடியில் ஏதோ நறுக்கென்றது.

கண்ணைத் திறந்தால், கொடி அடியோடு முறிந்து கிடந்தது.

வேலிக்கு அப்பால் சந்தனமாரி ஆட்டைக் கட்டிய கயிற்றோடு நின்றிருந்தாள். ஆடு அசைபோட்டது. பந்தலுக்குப் பின்னாலிருந்து குரு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். கோதண்டத்தைப் பார்த்து இன்னொரு முறை, "ம்மே" என்றார்.

கோதண்டம் கம்பைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். இலைகளைத் துழாவினார். சிவப்புக் கந்தல் தட்டுப்பட்டது. காயைக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே விதை கலகலத்தது.

"அம்மா, உயிர் இருக்கிறது. இனி இதை எங்கே வைத்துக் காப்பாற்றுவேன்?"

"உங்கள் கம்புக்கு எட்டாத இடத்தில்."

கோதண்டம் காயோடு எழுந்து, சந்தனமாரி நின்ற வேலியை நோக்கி நடந்தார்.