அசையாத கால்விரல்

தீர்ப்புச் சொல்வதற்கு முன் முழுவதையும் கேட்டுவிடுங்கள். இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருவர் அவசரப்பட்டாயிற்று.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டராக இருந்தவள் மங்கையர்க்கரசி. மரகதம் என்ற ஒருத்தியின் நினைவு அவளை விடாமல் துரத்தியது. நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய இரத்தக்குழாய் வீங்கி, ஆபரேஷன் செய்துகொண்டவள் மரகதம். மறுநாள் அவள் கால் அசையவில்லை. "கொஞ்சம் பார்ப்போம்" என்றாள் மங்கை. இரத்தம் எட்டாத தண்டுவடம் அதுவரை பொறுக்கவில்லை; கால்கள் உணர்வற்றுப் போயின. "இது யாரு காலு டாக்டரம்மா?" என்று மரகதம் தன் காலையே தொட்டுக் கேட்டாள். அதன்பின் மங்கைக்கு நிம்மதியான தூக்கம் இல்லை.

அதே ஆபரேஷன் இப்போது குப்பண்ணன் என்பவருக்கு நடந்தது. "குழாய் நைஞ்சு கிடக்கு, பிரஷரை ஏத்தினா தையல் தாங்காது" என்றார் சர்ஜன் ஜெயசீலன். பிரஷர் இறங்கினால் தண்டுவடம் தாங்காது என்பது மங்கைக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் பிரஷரை நிறுத்தி வைத்தாள். முதுகில் செருகிய குழாய் வழியாகத் தண்டுவட நீரைச் சிறிது வடித்து, அங்கே இரத்தம் ஓட வழி செய்தாள்.

மறுநாள் குப்பண்ணன் தெளிவாக விழித்துக் காப்பி கேட்டார். சொன்னபோதெல்லாம் கால்விரலை ஆட்டினார். பார்வை நேரத்தில் அவருடைய மாமனார் ராக்கியப்பர் வந்து கால்மாட்டில் நின்றார். போர்வையைக் காலுக்கு இழுத்துவிடும்படி நர்ஸிடம் சொன்னார் குப்பண்ணன்.

மங்கை வந்து போர்வையை விலக்கினாள். "வெரல ஆட்டுங்க பாக்கலாம்."

ஆட்டவில்லை. மறுபடி சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மங்கையின் கண்ணுக்குக் கட்டிலில் மரகதம்தான் கிடந்தாள். பெரியவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, பிரஷரை ஏற்றும் மருந்தைக் கூட்டினாள். சற்று நேரத்தில் விரல்கள் அசைந்தன. மருந்து வேலை செய்துவிட்டது என்று அவள் கண்கலங்கி நின்றபோதே, உள்ளே தையல் விட்டது.

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடும்போது குப்பண்ணன் முனகினார். "மாமா எதுக்க நின்னாருங்க. அவரு மூஞ்சிக்கு நேரா கால ஆட்டறதுங்களா?" வராந்தாவில் நின்ற ராக்கியப்பருக்கும் அது கேட்டது. குப்பண்ணன் திரும்பி வரவில்லை.

மரியாதை பார்த்த மருமகனா, கால்மாட்டில் நின்ற மாமனாரா, தையல் போட்ட ஜெயசீலனா, மருந்தைக் கூட்டிய மங்கையா? அந்த உயிருக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

விடை: மங்கைதான். ஆனால் மருந்தைக் கூட்டியதற்காக அல்ல. கால் அசையாவிட்டால் காத்திருக்கக் கூடாது என்பது சரியே. வாய் திறந்து காப்பி கேட்ட மனிதரிடம் "ஏன் ஆட்டலை?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பழைய பயம் அவளைக் கேட்கவிடவில்லை. இதை எல்லோரையும்விட முதலில் உணர்ந்தவளும் அவளே. அவள் துக்க வீட்டுக்குப் போனபோது ராக்கியப்பர் எழுந்து வந்து, "நான் அங்க நின்னதாலயா தாயி?" என்றார்.

"இல்லீங்கய்யா," என்றாள் மங்கை. "நான் ஏன்னு கேக்காததால."