துளிப்பட்டி ஊருணியும் யானைக் கவளமும்

மருதங்கோட்டையை ஆண்ட கொற்றவேல் ராஜாவுக்கு எதற்கெடுத்தாலும் போட்டி வைத்தாக வேண்டும். சேவலுக்குப் போட்டி, மீசைக்குப் போட்டி எல்லாம் முடிந்து, ஒரு கோடையில் தண்ணீரில் வந்து நின்றார். நாட்டிலுள்ள ஊர்களில் குடிதண்ணீரை நன்றாகக் கொடுப்பது எது என்று பார்க்க வேண்டுமாம். முதலில் வரும் ஊருக்குப் பரிசு. கடைசியில் வரும் ஊரின் ஊருணிக்குப் பூட்டு. அந்த ஜனங்கள் முதல் ஊருக்கு நடந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அளக்கும் வேலை மந்திரி அம்பலவாணரிடம் போனது. ஒரு நாளில் எந்த ஊரில் எத்தனை குடம் நிரம்புகிறது என்று ஆள் வைத்து எண்ணினார். அளவு அவ்வளவுதான். பெரிய ஏரி வைத்திருந்த பெரும்பேட்டை முதலில் வந்தது. அங்கே தண்ணீர் அதிகாரி மந்திரியின் மைத்துனர் என்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். வீடு முப்பதுகூடத் தேறாத துளிப்பட்டி கடைசியில் வந்தது. வராமல் என்ன செய்யும்? ஊரில் இருக்கிற குடமே கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை ஊருணியைப் பூட்ட ஆணை பிறந்தது.

அரசவையில் வாயாடி என்று பெயரெடுத்த குழைக்காதனுக்குத் துளிப்பட்டி மாமியார் ஊர். அன்று வீட்டுக்குப் போனவனுக்குச் சோறு கிடைக்கவில்லை. மனைவி ஆவுடை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“எங்க ஊருணித் தண்ணி கண்ணாடியாட்டம் கிடக்கு. ஒரு வீட்டுக் குடம்கூட வெறுமனே திரும்பினதில்ல. அதைப் பூட்டிட்டா எங்கம்மா இந்த வெயில்ல பெரும்பேட்டைக்கு நடக்கணுமா? நடந்து போனா அங்க என்ன இருக்கு? சேறு. அந்தச் சேத்துக்கே பாதித் தெரு அடிச்சுக்குது.”

“ராஜாகிட்ட பேசுறேன் ஆவுடை.”

“பேசுங்க. முடியலன்னா எங்கம்மா வீட்டுக்குத் தினம் நீங்களே சுமந்து ஊத்துங்க.”

குழைக்காதன் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தான். குடம் நிற்கிற இடுப்பாகத் தெரியவில்லை.

மறுநாள் சபையில் எழுந்து நின்றான். “மகாராஜா, சின்ன ஊரைச் சின்ன ஊரோடு வைத்துப் பார்க்க வேண்டாமா?”

மந்திரி முந்திக்கொண்டார். “ஊருக்கு ஊர் அளவை மாற்றினால் அது நீதியா பிரபு? எல்லாருக்கும் ஒரே அளவு.”

“அதுதான் சரி. ஒரே அளவு,” என்றார் ராஜா.

“அப்படியானால் அதே அளவை அரண்மனைக்குள்ளும் வைத்துப் பார்க்க அனுமதி வேண்டும். பரிசு, பூட்டு எல்லாம் அதே மாதிரி.”

இன்னொரு போட்டியா? ராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “தாராளமாக வை.”

அடுத்த நாள் மதியம் ராஜாவும் மந்திரியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இலை வரவில்லை. நெய் வாசனையும் வரவில்லை. யானைப்பாகன் இருளப்பன்தான் பெரிய அண்டாவோடு வந்தான். பின்னாலேயே குழைக்காதன் கைகட்டிக்கொண்டு வந்தான்.

“அரண்மனைச் சமையலறைகளை அளந்தோம் மகாராஜா. யார் அதிகமாகச் சோறு வடிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தோம். யானைக் கொட்டாரம் முதலில் வந்தது. தங்கள் சமையலறை கடைசி. பூட்டிவிட்டேன். இனிமேல் தங்களுக்கும் கொட்டாரத்துச் சாப்பாடுதான்.”

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ராஜா மந்திரியைப் பார்த்தார். தன் அளவை மந்திரி விட்டுக்கொடுப்பாரா? “அளவு அளவுதான் பிரபு. நானே முதலில் சாப்பிடுகிறேன்,” என்று கையை நீட்டினார்.

இருளப்பனுக்குக் கையில் கொடுத்துப் பழக்கமில்லை. யானைக்கு எப்போதும் வாய்க்குள்ளேதான் வைப்பான். அரிசியும் கொள்ளும் கருப்பட்டியும் சேர்த்துப் பிடித்த கவளம் ஒன்றை எடுத்தான். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது.

“தலையை நிமித்துங்க சாமி. ஆ காட்டுங்க. அப்படித்தான் என் ராசா.”

தாடையைத் தட்டி உள்ளே தள்ளிவிட்டான். மந்திரியின் கன்னம் இரண்டும் உப்பின. விழி பிதுங்கியது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “நல்ல புள்ள,” என்று முதுகில் ஒன்று போட்டுவிட்டு, இருளப்பன் அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே ராஜா பக்கம் திரும்பினான்.

ராஜா எழுந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டார். “குழைக்காதா, யானைக்கும் எனக்கும் ஒரே அளவா?”

“பெரும்பேட்டைக்கும் துளிப்பட்டிக்கும் ஒரே அளவுதானே மகாராஜா? தங்கள் அடுப்பில் வடித்த சோறு கொஞ்சம்தான். ஆனால் தாங்கள் ஒருநாளாவது பசியோடு எழுந்ததுண்டா? அதையல்லவா கேட்டிருக்க வேண்டும்?”

ராஜா தாடியைத் தடவினார். அதற்குள் மந்திரிக்கு ஒருவழியாகக் கவளம் இறங்கி, விக்கல் பிடித்துக்கொண்டது. “தண்... விக்... தண்ணி!”

குழைக்காதன் தயாராக வைத்திருந்த இரண்டு செம்புகளைக் கொண்டுவந்தான். “இது முதற்பரிசு வாங்கிய பெரும்பேட்டைத் தண்ணீர். தங்கள் மைத்துனர் ஊருக்குக் கொடுப்பது. குடியுங்கள்.”

தண்ணீர் மஞ்சளாக இருந்தது. ஒரு தலைப்பிரட்டை மேலே வந்து மந்திரியைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. மந்திரி வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினார். இன்னொரு செம்பைப் பிடுங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

“எப்படி இருந்தது?” என்று தூணுக்குப் பின்னாலிருந்து ராஜா கேட்டார்.

“அமிர்தம் பிரபு.”

“அது எந்த ஊர்த் தண்ணீர், குழைக்காதா?”

“கடைசியில் வந்த ஊர், மகாராஜா. வெள்ளிக்கிழமை பூட்டப்போகிறோமே, அந்த ஊருணி.”

மந்திரிக்கு மறுபடியும் விக்கல் வந்துவிட்டது.

ராஜா தூணைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. கழுத்து மாலையைக் கழற்றிக் குழைக்காதனுக்குப் போட்டார். “ஊருணியைப் பூட்டாதே. என் சமையலறையை முதலில் திற. இனிமேல் சின்ன ஊரைச் சின்ன ஊரோடு வைத்துப் பாருங்கள். எத்தனை குடம் நிரம்பியது என்று எண்ண வேண்டாம், எத்தனை வீட்டுக் குடம் காலியாகத் திரும்பியது என்று கேளுங்கள்.”

பிறகு மந்திரியைப் பார்த்தார். “பெரும்பேட்டையின் கடைசித் தெருவரைக்கும் தெளிந்த தண்ணீர் போய்ச்சேரட்டும். அதுவரை உமது வீட்டுக்கும் அந்த ஏரித் தண்ணீர்தான்.”

மறுநாள் விடிந்தபோது மந்திரியின் மைத்துனர் இடுப்பளவு சேற்றில் நின்று ஏரியைத் தூர்வாரிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடை சுமந்தவர் மந்திரி அம்பலவாணர்.