வாசலைச் சுரண்டிய வீட்டுக்காரி

மலைக்காட்டில் செவந்தி என்றொரு மலை அணில் இருந்தாள். மலை அணில் என்றால் நம் வீட்டுக் கூரையில் ஓடுகிற குட்டி அணில் இல்லை. பூனை அளவு உடம்பு, செம்பட்டை முதுகு, உடம்பைவிட நீளமான வால். அவள் மரத்துக்கு மரம் தாவினால் காடே திரும்பிப் பார்க்கும்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். சொந்தமாக ஒரு மரப்பொந்து வாங்க வேண்டும்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று மற்ற அணில்கள் சிரித்தன. "நாலு குச்சியும் பத்து இலையும் இருந்தா அரை நாள்ல கூடு கட்டிடலாம். பொந்து எதுக்குடி?"

"முதல்ல நான் குடியிருப்பேன். குட்டிங்க பிறக்கிற நேரத்துல இலைக்கூட்டுக்குப் போயிட்டு, பொந்தை வாடகைக்கு விடுவேன். வாடகைப் பழம் என்னைத் தேடிக்கிட்டு வரும்!"

அணில்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. ஆனால் செவந்தி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கண் திறக்காத குட்டியாக இருந்தபோது, அவளுடைய அம்மா பசி தாங்காமல் ஒரு நாள் பழம் தேடிப் போனாள். திரும்பி வந்தபோது கூட்டில் மூன்று குட்டிகளுக்குப் பதிலாகச் செவந்தி மட்டும்தான் இருந்தாள். 'என் குட்டிகளைத் தனியே விட்டுவிட்டு நான் பழத்துக்குப் போக மாட்டேன்' என்று அவள் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டது, கொஞ்சம் வளர்ந்து அம்மா வாயால் இதைக் கேட்டபோதுதான். பாவம், இதையெல்லாம் சிரிக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அந்தக் காட்டில் பொந்து விற்பவர் தச்சன் என்ற மரங்கொத்தி. அவர் பழைய குங்கிலிய மரத்தில் இருந்த ஒரு பொந்தைக் காட்டினார். அவர் சின்னதாகக் கொத்தியது, மழையில் உளுத்து அண்டா போலப் பெரிதாகியிருந்தது.

"இது உனக்குத் தோதுப்படாது தாயி. வாய் ரொம்ப அகலம். குட்டியை வெச்சு வளர்க்க ஆகாது" என்றார் தச்சன்.

"பரவாயில்ல அண்ணே! நாளைக்குப் பெரிய ஆளுங்க குடிவர வேணாமா? விலையைச் சொல்லுங்க!"

தச்சன் சொன்ன விலை கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும், பட்டுப்போன மரங்களின் பட்டையை அவள் உரித்துக்கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் புழுக்களை அவர் உட்கார்ந்த இடத்திலேயே தின்பார். செவந்தி உரித்தாள். நகம் தேய உரித்தாள். மழை நின்ற அன்று பொந்து அவளுடையதானது.

புது வீட்டுக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே மெத்தென்று மரநார் பரப்பினாள். சொரசொரவென்றிருந்த வாசல் விளிம்பைத் தினமும் பல்லால் கொறித்துக் கொறித்து வழவழப்பாக்கினாள். இரண்டு வருடம் அங்கே ராணி மாதிரி குடியிருந்தாள். காலையில் அந்த விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பதுதான் அவளுக்குப் பெரிய சுகம்.

மூன்றாம் வருடம் மாசி மாதத்தில், திட்டம் போட்டபடியே, பக்கத்து மரத்தில் இலைக்கூடு கட்டிக்கொண்டு போனாள். அங்கே அவளுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன.

அந்த வாரமே பொந்தைக் கேட்டு ஒரு ஜோடி வந்தது. மஞ்சள் அலகின்மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது அவர்கள் மூக்கு. இருவாச்சிப் பறவைகள்! ஆண் பெயர் மாறன், பெண் பெயர் வேணி.

"வாடகை தினமும் ரெண்டு அத்திப்பழம்" என்றாள் செவந்தி. "விடிஞ்சதும் என் கூட்டு வாசலுக்கு வந்துடணும்!"

"தாராளமா தர்றோம் அக்கா" என்றான் மாறன்.

"உள்ளே கொத்தக் கூடாது. நாரைக் கலைக்கக் கூடாது. முக்கியமா வாசல் விளிம்புல ஒரு கீறல் விழக் கூடாது!"

வேணி மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். "அக்கா, குஞ்சு பொரிக்கிற காலத்துல எங்களுக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. அது என்னன்னா..."

"வழக்கமெல்லாம் உங்க பாடு. வீடு என் பாடு!" என்று செவந்தி பேச்சை வெட்டிவிட்டாள். காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் விடிந்ததும் இரண்டு அத்திப்பழம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. செவந்தி குட்டிகளை அணைத்தபடியே வயிறாரத் தின்றாள். சிரித்த அணில்கள் இப்போது கிளை மறைவிலிருந்து எட்டிப் பார்த்தன. "அவ கெட்டிக்காரிதான்!" என்றன.

ஆனால் வாடகைக்கு விட்ட வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவில்லை என்றால் வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் வராதே! ஒன்றரை மாதம் போனது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. 'பக்கத்து மரம்தானே, கூப்பிடு தூரம்தானே' என்று செவந்தி ஒரே தாவாகக் குங்கிலிய மரத்துக்குப் போனாள்.

அவள் கூட்டிலிருந்து தெரியாத மறுபக்கத்தில்தான் பொந்தின் வாசல் இருந்தது. சுற்றிப் போனவள் மலைத்து நின்றாள்.

வாசலைக் காணோம்! அவள் இரண்டு வருடம் கொறித்து வழவழப்பாக்கிய விளிம்பு முழுவதும் சேறு, எச்சம், பழச்சக்கை. எல்லாவற்றையும் குழைத்துப் பூசிச் சுவரே எழுப்பியிருந்தார்கள். நடுவில் ஓர் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுதான் மிச்சம்.

"அடப்பாவிங்களா! என் வீட்டை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!"

"அக்கா! கை வைக்காதீங்க!" உள்ளேயிருந்து வேணியின் குரல் வந்தது. "அவர் வரட்டும் அக்கா! கொஞ்சம் பொறுங்க!"

செவந்திக்குக் காது அடைத்துப்போயிருந்தது. பரபரவென்று சுரண்டினாள். காய்ந்த சேறு பெரிய பெரிய கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. பாதி வாசல் திறந்ததும் ஆத்திரத்தோடு தலையை உள்ளே நீட்டினாள்.

உள்ளே வேணி இருந்தாள். இறக்கையில் நீள இறகு ஒன்றுகூட இல்லை, வாலிலும் இல்லை. உதிர்ந்த இறகுகளின் மேல் மொட்டையாக உட்கார்ந்திருந்தாள். அவள் வயிற்றின்கீழ், கண்கூடத் திறக்காத ஒரு குஞ்சு.

"இதுதான் அக்கா எங்க வழக்கம்" என்றாள் வேணி. "வாசலை அடைச்சிக்கிட்டு உள்ளேயே இருந்துடுவோம். பழைய இறகையெல்லாம் உதிர்த்துடுவோம். புதுசு முளைக்கிற வரைக்கும் என்னால பறக்க முடியாது. அந்தச் சுவர்தான் எனக்கும் என் குஞ்சுக்கும் காவல்."

செவந்தியின் கைகள் அப்படியே நின்றன. கண் திறக்காத குஞ்சு, காவல் போன கூடு... அவளுக்குத் தன் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. "ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!"

அந்த நேரம் பார்த்துக் கீழே நகம் பிராண்டும் சத்தம் கேட்டது. சேறு விழுந்த ஓசை கேட்டு ஒரு மரநாய் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

செவந்தி சட்டென்று உடம்பைத் திருப்பி, பொந்து வாயில் தன்னையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாலைப் புசுபுசுவென்று விரித்தாள். அவள் தோளுக்கு மேலாக வேணியின் மஞ்சள் அலகு வெளியே நீண்டது.

மரநாய் பல்லைக் காட்டிச் சிரித்தது. "விலகு அணிலே! எனக்கு வேண்டியது உள்ளே இருக்கிற பறவை. நீ நகர்ந்துட்டா, உன் இலைக்கூட்டுப் பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். யோசிச்சுப் பாரு!"

எதிர் மரத்தில் குட்டிகள் விழித்துக்கொண்டு கீச்சிட்டன. செவந்தியின் உயிர் பாதி அங்கே, பாதி இங்கே. ஆனாலும் அவள் அசையவில்லை.

"உள்ளே இருக்கிறவ என்னை நம்பிக் குடிவந்தவ!" என்று கத்தினாள். "வந்து பாரு!"

மரநாய் பாய்ந்தது. செவந்தியின் முன்காலில் பல் பதிந்தது. அவள் வலியில் அலறிய அலறல் காடு முழுவதும் கேட்டது. வேணி அலகால் மரநாயின் மூக்கில் ஓங்கிக் குத்தினாள். அதற்குள் வானத்தில் புயல் மாதிரி சிறகடிக்கும் சத்தம். மாறன் வாயில் இருந்த அத்திப்பழங்களை உதறிவிட்டு, மரநாயின் முதுகில் இறங்கினான். இரண்டே குத்து! மரநாய் கிளை கிளையாக மோதி விழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

செவந்தி முதலில் தன் கூட்டுக்குத் தாவினாள். குட்டிகள் பத்திரமாக இருந்தன. அவற்றை ஒரு முறை முகர்ந்துவிட்டு, நொண்டிக்கொண்டே ஓடைக்குப் போய் வாய் நிறையச் சேறு அள்ளி வந்தாள்.

"அக்கா, கால்ல ரத்தம் வருதே! நான் பார்த்துக்கிறேன்" என்றான் மாறன்.

"நான் சுரண்டினதை நான்தான் பூசணும். நீ என் குட்டிங்களைக் கொஞ்சம் பார்த்துக்கோ, போதும்."

வெளியிலிருந்து செவந்தி சேற்றை அப்பினாள். உள்ளிருந்து வேணி அலகால் தட்டித் தட்டி இறுக்கினாள். இருட்டுவதற்குள் சுவர் எழும்பிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் மாறன் இரண்டு அத்திப்பழத்தோடு வந்தான். செவந்திக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னைக்கு வேணாம்பா" என்றாள்.

"குட்டிங்களுக்குப் பால் வேணாமா? சாப்பிடுங்க அக்கா!" என்று வைத்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு அவள் அந்த மரத்துப் பக்கம் போகவில்லை. தன் கூட்டிலிருந்தே, "வேணி, சௌக்கியமா?" என்று குரல் கொடுப்பாள். கீற்றின் வழியாக வேணியின் குரல், "சௌக்கியம் அக்கா!" என்னும்.

கோடை முடிந்தது. வேணி புதுச் சிறகோடு சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சில நாளில் குஞ்சும் பறந்தது. "அடுத்த மாசிக்கு வர்றோம் அக்கா!" என்று சொல்லிவிட்டு மூவரும் காட்டுக்குள் போனார்கள்.

செவந்தி தன் முதல் வீட்டைப் பார்க்கப் போனாள். வழவழப்பான விளிம்பு எங்கே! எங்கு பார்த்தாலும் காய்ந்த சேறும் சொரசொரப்பும். பழைய நினைப்பில் கொறிக்கப் பல்லை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். வழவழப்பாக்கினால் அடுத்த வருடம் வேணி பூசுகிற சேறு எப்படி ஒட்டும்?

குழந்தைகளே, பாடுபட்டு வாங்கிய வீடு என்றைக்கும் நம்முடையதுதான். ஆனால் அதை ஒருவருக்குக் குடியிருக்கக் கொடுத்த பிறகு, அதன் வாசலைத் திறப்பதும் அடைப்பதும் உள்ளே இருப்பவரின் உரிமை.