காய்ந்த வயலில் ஒரு மிதவை

முன்னொரு காலத்தில், வெயிலின் சூடு அரண்மனைக்குள் எட்டாத ஒரு நாட்டில், கோடை விடுமுறையைப் பெரிய ஏரியில் கொண்டாட வேண்டுமென்று ராஜாவுக்கு ஆசை வந்தது. உடனே பிரதானி சொக்கநாயனார் தலைமையில் அரண்மனைக்காரர்கள் ஒரு மிதவைச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மிதவையில் மயில் மண்டபம், இன்னொருவர் மிதவையில் பூந்தோட்டம், பிரதானியின் மிதவையில் குளிப்பதற்கென்று ஒரு குளம். ஏரியின் நடுவே குளம் கட்டிய இந்த அறிவாளிகள்தான் நாட்டை ஆண்டார்கள்.

மிதவைகள் தரைதட்டக் கூடாதென்று மதகை அடைத்தார்கள். சங்கத்து மிதவை எங்கே இருந்தாலும், அது மிதக்கத் தண்ணீர் தருவது அரசின் கடமை என்று ராஜா ஓலையில் முத்திரையும் வைத்தார். மதகுக்குக் கீழே வயல்களில் நெல் கதிர்விடும் நேரம் அது. பூவாயி என்ற குடியானவள் காய்ந்த பயிரைப் பிடுங்கிக்கொண்டு சபைக்கு வந்தாள்.

"இன்னும் மூணு நாள் தண்ணி வரலேன்னா, புள்ளைங்களுக்கு வைக்கோலத்தான் போடணும் சாமி."

விழா முடியட்டும் என்று பிரதானி அவளை வெளியே அனுப்பினார்.

சபை விதூஷகன் உலகப்பனுக்கு இது பொறுக்கவில்லை. ராஜா முன்னாலேயே சங்கத்தைத் திட்டித் தீர்த்தான். அவன்மேல் எப்போதும் பொறாமை கொண்ட பிரதானி இதற்குத்தான் காத்திருந்தார். பழித்தவன் நாளைக்குள் சங்கத்தில் சேர்ந்து தானும் ஒரு மிதவை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றார். ராஜாவும் தலையாட்டினார்.

மறுநாள் காலை எல்லோரும் பார்க்க வந்தார்கள். பூவாயியின் வயலில், வெடித்த மண்ணின் மேல், வாழைமரங்களைக் கட்டிய ஒரு மிதவை. அதில் உலகப்பன் துடுப்போடு உட்கார்ந்திருந்தான். பிரதானி விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது எப்படி மிதக்கும்?" என்றார் ராஜா.

"தண்ணீர் தந்தால் மிதக்கும், மன்னா. தருவதாகத் தாங்கள் முத்திரை வைத்திருக்கிறீர்கள்." அவன் முகத்தில் விளையாட்டே இல்லை.

மதகைத் திறந்தால் ஏரி மிதவைகள் சேற்றில் உட்கார்ந்துவிடும் என்று பிரதானி கத்தினார்.

"அவை ஐந்து நாள் மிதந்துவிட்டன. என்னுடையது ஒரு நாழிகைகூட மிதக்கவில்லை" என்றான் உலகப்பன்.

ராஜா வரப்பில் நின்ற பூவாயியைப் பார்த்தார். மதகைத் திறக்கச் சொன்னார்.

ஏரி வடிந்தது. மயில் மண்டபம் சாய்ந்தது. சங்கத்தார் பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து வந்தார்கள். பிரதானி கட்டிய குளத்தில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்த ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். மாலை வேண்டாம், மதகைக் குடியானவர்கள் பொறுப்பில் விடுங்கள் என்றான் உலகப்பன். அப்படியே ஆகட்டும் என்று ராஜா மறுபடியும் சிரித்தார்.

உலகப்பன் சிரிக்கவில்லை. பூவாயியின் வயல் நிறையும்வரை அவன் அந்த மிதவையை விட்டு இறங்கவும் இல்லை.