ஜமீன்தார் காய்ச்சிய வெந்நீர்

மேலே அறிவைப் பந்தி போட்டுப் பரிமாறிய அன்றைக்கு நாலு பேர் மட்டும் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள் வருவதற்குள் இலை எடுத்துவிட்டார்கள். அந்த நாலு பேரும் பிற்பாடு காங்கயம் பக்கம் பிறந்து, வளர்ந்து, கல்யாணச் சமையலுக்குப் போனார்கள்.

சடையப்பன் தலைவர். சாம்பாரும் கவலையும் அவர் பொறுப்பு. சோறு வடிப்பது பொங்கியண்ணன். ரசம் அங்கமுத்து. பால், தயிர், மோர் என்று வெள்ளையாக இருப்பதெல்லாம் சென்னி. நாலு பேரும் சுத்த சைவம். கைப்பக்குவத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள், அது ஒன்றுதான் கோளாறு.

சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணம். ‘போதும்னு வாய்விட்டுச் சொல்ற வரைக்கும் சோறு போடணும்’ என்று பெண்ணைப் பெற்றவர் சொல்லிவைத்தார். பந்தியில் மௌன விரதம் இருந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கையைக் காட்டினார், தலையை ஆட்டினார், கும்பிட்டும் பார்த்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் சோற்றுக்கு மேலே அவருடைய குடுமி மட்டும் தெரிந்தது. இப்படி ஊர் ஊராகப் பெயர் கெட்டு, கீழே அடுப்பு மூட்ட இடமில்லாமல், நாலு பேரும் அண்டா குண்டாவோடு கோத்தகிரிக்கு மலையேறினார்கள்.

அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் ஒண்டிக்கொண்டார்கள். முதலாளி போஜராஜ், மனைவியை இழந்த தனிக்கட்டை. மண்டபத்துக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக் கூடத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் நீல உடம்பும் சிவப்பு வாலுமாக ஒற்றைப் பைட்டர் மீன். அங்கவஸ்திரம் போட்ட மாதிரி துடுப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு உலாத்துவதால் அதற்கு ஜமீன்தார் என்று பெயர் வைத்திருந்தார்.

தை மாதக் குளிரில் போஜராஜ் கண் ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பினார். சடையப்பனைக் கூப்பிட்டுத் தொட்டி முன்னால் நிறுத்தினார்.

“இந்த வீட்டுல என்கூட இருக்கிற உசிரு இது ஒண்ணுதான். இது குளிர் தாங்காது. தண்ணி இருபத்தாறு டிகிரியில இருக்கணும். அதுக்குக் கீழ இறங்கக் கூடாது, இருபத்தெட்டைத் தாண்டவும் கூடாது. ஹீட்டர் அதுவா எரியும், அதுவா அணையும். நீங்க தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தாப் போதும். நான் வரும்போது இவன் உசிரோட இருந்தா, இந்த வருஷம் முச்சூடும் மண்டபத்துச் சமையல் உங்களுக்கு. இல்லேன்னா அண்டாவைத் தூக்கிட்டுக் கீழே இறங்கிடுங்க.”

“சரிங்க மொதலாளி” என்றார் சடையப்பன். கீழே இறங்கினால் போக ஓர் ஊர்கூட மிச்சமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

முதலாளி போன கொஞ்ச நேரத்தில் ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

“அடுப்பு நின்னு போச்சுங்ண்ணா” என்றான் பொங்கியண்ணன்.

“அதுவா அணையும்னு சொன்னாரே.”

“நம்ம அடுப்பு என்னைக்காச்சும் அதுவா அணைஞ்சா என்னங்ண்ணா அர்த்தம்?”

“கேஸ் தீந்துபோச்சுன்னு அர்த்தம்.”

நாலு பேரும் மீனுடைய சிலிண்டரைத் தேடினார்கள். தொட்டிக்கு அடியில் பார்த்தார்கள், கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், தோட்டத்திலும் பார்த்தார்கள். தேடிக் களைத்துத் திரும்பியபோது விளக்கு மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது. நாம் இல்லாத நேரத்தில் யாரோ வந்து சிலிண்டர் மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, அந்த நல்ல மனுஷனை வாழ்த்தினார்கள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை வந்தால் கரண்ட் போகும், அதுதான் வழக்கம். ஹீட்டர் நின்றது. தெர்மாமீட்டர் இருபத்தைந்து, இருபத்துநாலு என்று இறங்க இறங்க, சடையப்பனுக்குத் தன் அண்டாக்களும் படிப்படியாக மலை இறங்குவது மாதிரி இருந்தது.

பொங்கியண்ணன் யோசித்தான். “இந்தக் குழாய்ல எண்ணு இருபத்தாறு காட்டோணும். அதுதானுங்ண்ணா கணக்கு?”

“அதுதான்.”

பொங்கியண்ணன் தொட்டியிலிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கி, துடைத்து, தன் அக்குளில் வைத்துக்கொண்டான். எடுத்துப் பார்த்தால் முப்பத்தைந்து.

சடையப்பன் முகம் வெளுத்துவிட்டது. “இருபத்தெட்டைத் தாண்டக் கூடாதுன்னாரேடா. மீனைச் சுட்டுப்போட்டயே.”

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மீன் வேகவில்லை. இருந்தாலும் இந்த வேலைக்குப் பொங்கியண்ணன் சரிப்படமாட்டான், சோற்றுக்காரன், உடம்பே உலை என்று தீர்மானமாயிற்று. நாலு பேரில் குளிர்ந்த கை யாருடையது என்று ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்தார்கள். எந்நேரமும் மோரில் கையை விட்டுக்கொண்டிருக்கும் சென்னிதான் கிடைத்தான். அவன் உள்ளங்கையில் தெர்மாமீட்டரைப் படுக்கவைத்தார்கள். இருபத்தேழில் நின்றது. சடையப்பனுக்கு மூச்சு வந்தது. அசையாமல் நிற்கும்படி சென்னிக்கு உத்தரவாகி, அவனும் கையை நீட்டியபடி பிரசாதம் வாங்குகிறவன் போல நின்றான்.

தொட்டிக்குள் ஜமீன்தார் தரை தட்டிப் படுத்துவிட்டது. அங்கவஸ்திரம் சுருங்கிப் போயிற்று. சடையப்பன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். வேலைக்காகத்தான் அந்த மீனைப் பார்க்க ஆரம்பித்தார், ஆனால் அது வாயைத் திறந்து மூடிய விதத்தில் மனசு இளகிவிட்டது. இது செத்துப்போனால் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“எண்ணு சரியாத்தான இருக்குது. இது ஏன்டா இப்படிப் படுத்துக்கிடக்குது?”

“அதுக்கு எப்படித் தெரியுமுங்ண்ணா?” என்றான் அங்கமுத்து. “மீட்டரு சென்னி கையில இருக்குது. மீனுக்குக் காட்டவேயில்லையே.”

நியாயமான பேச்சு. சென்னியைத் தொட்டிப் பக்கம் நடத்திக் கொண்டுவந்து, எண் உள்பக்கம் தெரியும்படி தெர்மாமீட்டரைக் காட்டினார்கள். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“படிப்பு இல்லீங்ண்ணா” என்று அங்கமுத்து வருத்தப்பட்டான்.

கடைசியில் சடையப்பன் முதலாளியின் மகனுக்குப் போன் போட்டார். மகன் பொறுமைசாலி. “முதல்ல தெர்மாமீட்டரைத் தண்ணியில வைங்க. தொட்டியைச் சுத்திக் கம்பளி போர்த்துங்க. ஒரு பாட்டில்ல வெதுவெதுப்பா ஊத்தி, இறுக்கி மூடி, தண்ணியில மிதக்கவிடுங்க. ஆறிப்போனா மாத்துங்க” என்றான்.

“என்ன ஊத்தச் சொன்னாருங்ண்ணா?” என்று கேட்டான் சென்னி.

“வெதுவெதுப்பா ஊத்தச் சொன்னாரு.”

சென்னியின் முகம் மலர்ந்தது. அவன் அகராதியில் வெதுவெதுப்பு என்றால் ஒன்றுதான், உறை ஊற்றுகிற பதத்தில் பால். அதைக் காய்ச்சி, ஆற்றி, விரலை விட்டுப் பார்த்து, ஒரு கரண்டி மோரும் விட்டு, பாட்டிலில் ஊற்றி மிதக்கவிட்டான். தொட்டியைச் சுற்றி நாலு பேருடைய கம்பளியையும் போர்த்தினார்கள். ஆற ஆறப் புதுப் பாட்டில் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இருபத்தாறுக்கு ஏறிற்று. ஜமீன்தார் எழுந்து ஒரு சுற்று வந்தது.

விடிந்து பார்த்தால் பாட்டில்களில் தயிர் கெட்டியாகத் தோய்ந்திருந்தது. மலைக்கு வந்த நாளிலிருந்து குளிரில் தயிரே தோயாமல் தவித்துக்கொண்டிருந்த சென்னி தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கண்ணில் ஒற்றிய கை அப்படியே நின்றது. தண்ணீரின் மேலே, ஒரு மூலையில், வெள்ளையாக நுரை.

இந்தப் பைட்டர் மீன் ஆண் இருக்கிறதே, தண்ணீர் பிடித்துப்போய் மனசு குளிர்ந்தால், வாயால் குமிழ் ஊதி ஊதி மேலே நுரையால் ஒரு கூடு கட்டும். மீன் வளர்ப்பவர்கள் அதைக் கண்டால் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் பார்த்தவன் அங்கமுத்து. இருபது வருஷமாக ரசம் வைக்கிறவன். ரசத்தில் நுரை கட்டினால் அடுத்து என்ன என்று அவனுக்குத் தெரியாதா?

“ஐயோ, கொதி வரப்போவுது. இறக்குங்க, இறக்குங்க” என்று கத்தினான்.

தொட்டியை இறக்க முடியாது, மேசையோடு ஒட்டியிருந்தது. ஆகவே மீனை இறக்கினார்கள். சமையல்கட்டில் அரிசி ஊறவைக்கப் பிடித்துவைத்திருந்த ஒரு வாளித் தண்ணீர் தயாராக இருந்தது. ஜமீன்தாரைக் கரண்டியில் ஏந்தி அதில் விட்டார்கள். அந்த வாளி விடியற்காலையிலிருந்து விறகடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

மறுநாள் வாளியிலும் நுரை.

சடையப்பன் விரலை விட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. வாளிக்கு ஹீட்டர் இல்லை, வயர் இல்லை, கம்பளி இல்லை. கூடத்துக்குப் போய்த் தொட்டியில் கைவைத்தார். கரண்ட் இல்லாமல், கம்பளியும் எடுத்தாகிவிட்டதால், ஐஸாகக் கிடந்தது. திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மற்ற மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“மீன் இருந்தப்ப தொட்டி சூடா இருந்துச்சு. மீன் போனதும் பச்சத்தண்ணி. இப்ப மீன் இருக்கிற வாளி சூடு” என்றார் மெதுவாக. “சூடு தொட்டியில இல்லடா. மீனுல இருக்குது.”



“அப்ப அந்த ஹீட்டரு எதுக்குங்ண்ணா?” என்று கேட்டான் பொங்கியண்ணன்.

“பாவம், ஒத்தையா வேல செய்யுதேன்னு மொதலாளி ஒத்தாசைக்குப் போட்டிருப்பாரு.”

பரீட்சை செய்யாமல் எதையும் நம்பக் கூடாது என்று அங்கமுத்து சொன்னதால், அடுப்பின் மறுபக்கத்தில் இருந்த இன்னொரு வாளிக்கு மீனை மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் சூடாகத்தான் இருந்தது, அதிலும் நுரை கட்டிற்று. அதற்கப்புறம் சந்தேகத்துக்கு இடமேது? அன்றைக்கு நாலு பேரும் குளித்தார்கள். ஒரு வாளித் தண்ணீர் தீர்ந்ததும் ஜமீன்தாரை மரியாதையாக அடுத்த வாளிக்கு எழுந்தருளப் பண்ணினார்கள். இத்தனை வேலை செய்கிற பிராணியாயிற்றே என்று சடையப்பன் தீனியை வேளை தவறாமல் தன் கையாலேயே போட்டார்.

கரண்ட் வந்தது. ஹீட்டர் எரிந்தது. காலித் தொட்டியைச் சென்னி வீணாக்கவில்லை.

போஜராஜ் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கூடவே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், ஏகாம்பரநாதன் என்று பெயர். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்திருந்தார். அவர் எப்பேர்ப்பட்ட சைவம் என்றால், முட்டைக்கோஸைக்கூட முழுப்பெயர் சொல்லாமல் கோஸ் என்றே சொல்வார்.

முதலாளி நேராகத் தொட்டிக்குப் போனார். உள்ளே பாட்டில் பாட்டிலாகத் தயிர்.

“தண்ணி இருபத்தாறுல நிக்குதுங்க மொதலாளி” என்றார் சடையப்பன் பெருமையாக. “ஒரு புள்ளி ஏறல, இறங்கல.”

“மீன் எங்கய்யா?”

“அது அடுப்புல வேலையா இருக்குதுங்க.”

போஜராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டே சமையல்கட்டுக்கு வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். ஜமீன்தார் சிவப்பு வாலை விரித்து உலாத்திக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே, அவர் ஆயுசில் பார்த்திராத அளவுக்குப் பெரிய நுரைக்கூடு. டாக்டர் கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருந்தும் அவரால் அடக்க முடியவில்லை.

“கூடு கட்டியிருக்கான்யா. சந்தோஷமா இருந்தாத்தான் கட்டுவான். என்கிட்ட ஒரு நாளும் கட்டினதில்ல.” சடையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். “எப்படி வளர்த்தீங்கன்னு நான் கேக்கல. வருஷம் முச்சூடும் சமையல் உங்களுக்குத்தான். முதல் கல்யாணம் இவர் வீட்டுது.”

இனிமேல் அண்டா மலையிறங்க வேண்டியதில்லை.

ஏகாம்பரநாதன் தொண்டையைக் கனைத்தார். “எல்லாம் சரி. மழையில ரோடு சரிஞ்சு கேஸ் லாரி மேல வரலைன்னு சொல்றாங்க. விறகும் நனைஞ்சு கெடக்கு. ஆயிரம் பேருக்கு எப்படிச் சமைப்பீங்க?”

“அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாமுங்க” என்றார் சடையப்பன். வாளியை அன்போடு ஒரு பார்வை பார்த்தார். “மீனு வாங்கிக் குடுத்தீங்கன்னாப் போதும்.”

“என்னது?”

“மீனுங்க. இந்தச் சாதிதான், நல்லாச் சூடு இருக்கும். சாம்பார் அண்டாவுக்கு முப்பது போட்டாத் தாராளம். சோத்துக்கு இன்னுங் கொஞ்சம் கூட வேணும். ரசத்துக்கு அஞ்சாறு போதும், நுரை கட்டினதும் நம்ம அங்கமுத்து இறக்கிப்போடுவான். பரிமாறும்போது கரண்டியில எடுத்துருவோமுங்க, ஒண்ணுகூட இலைக்கு வராது. சைவத்துக்கு ஒரு பங்கமும் இல்ல.”

ஏகாம்பரநாதன் தூணைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஈனசுரத்தில் கேட்டார்.

“பாயசத்துலயுமா?”

சடையப்பனுக்கு மனசு நொந்துவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை.

“என்னங்க, தொழில் தெரியாதவங்கிட்டக் கேக்கற மாதிரிக் கேட்டுப்போட்டீங்க? பாயசத்துல போய் யாராச்சும் மீனைப் போடுவாங்களா? பால் திரிஞ்சு போயிருமுங்க.”